வழுக்குப் பாறையில் நான்கு தடவை

எனக்கு எட்டு வயதில் இடது முட்டி வலித்தது. ஆறு மாதம் முட்டிக்குத் தைலம் தேய்த்தார்கள். நொண்டல் அதிகமான பிறகு செங்கல்பட்டில் ஒரு எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முட்டி நல்லாத்தான் இருக்கு. கோளாறு இடுப்புல" என்றார். அத்தனை தைலமும் வீண்.

நோயின் பெயர் பெர்த்தஸ். தொடை எலும்பின் உச்சியில் உள்ள உருண்டைக்கு ரத்தம் போவது குறைந்து, அது மெத்தென்று ஆகிவிடும். சில வருடங்களில் மறுபடி இறுகும். அதுவரை நசுங்காமல் காப்பாற்ற வேண்டும். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம். சும்மா முடங்கிக் கிடக்கவும் கூடாது என்றார் டாக்டர்.

அம்மா "கூடாது"களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டாள். நான் தெருவில் சைக்கிள் ஓட்டினால் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவாள். எங்கள் டவுன்ஷிப் நீச்சல் குளத்தில் நீந்தினால் கரையோடு கூடவே நடப்பாள். காலையும் மாலையும் பாயில் மல்லாந்து, தவளை மாதிரி இரண்டு கால்களையும் விரிக்கும் பயிற்சி, இருபது தடவை. அடுப்படியிலிருந்தே எண்ணுவாள். குழம்பு கொதித்தால் எண்ணிக்கை தவறிப்போய், "மொதல்லேர்ந்து ஆரம்பி" என்பாள். பள்ளியில் விளையாட்டு நேரம் வந்தால் டீச்சர் என்னை முப்பது ஜோடி செருப்புக்குக் காவல் வைப்பார். ஒன்றரை வருடம் இப்படியே போயிற்று. யாரைப் பார்த்தாலும் கடிக்க வேண்டும்போல இருந்தது.

அந்த வருடம் எங்கள் வகுப்பை மகாபலிபுரத்துக்கு டூர் கூட்டிப்போனார்கள். நான் போகக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். கடைசியில், "நீ லீவு போட்டுட்டு ஸ்கூட்டர்ல பஸ் பின்னாடியே போ. அவ மேல வெச்ச கண்ண எடுக்காத" என்று அப்பாவை அனுப்பினாள். அப்பா பின்னால் வர டூர் போன ஒரே பிள்ளை நான்தான். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கே குன்றுச் சரிவில் பாறை ஒன்று, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி எண்ணெய் பூசியது போலப் பளபளக்கும். வகுப்பே அதில் சறுக்கியது. டீச்சர் அந்தப் பக்கம் யாரையோ எண்ணிக்கொண்டிருந்தார். அப்பா வெள்ளரிக்காய் விற்பவளின் அருகே நின்றிருந்தார், என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பார்த்தேன். கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. ஏறிச் சறுக்கினேன். காற்று காதில் இரைந்தது, பாவாடை கிழிந்தது, கீழே வந்து விழுந்தபோது இடுப்பில் சுரீரென்றது. ஆனாலும் சத்தம் போட்டுச் சிரித்தேன். மறுபடி ஏறினேன். நான்காவது தடவை விழுந்ததும் எழுந்திருக்க முடியவில்லை. அப்போதுதான் அவர் ஓடிவந்து தூக்கினார்.

"ரொம்ப நோவுதா?" என்றார்.

வீட்டு வாசலில் அம்மா கிழிந்த பாவாடையைப் பார்த்தாள்.

"நீ இன்னாய்யா பண்ணிகினு இருந்த அங்க?"

"வெள்ளரிக்கா வாங்கப் போனேம்மே. திரும்பிப் பாக்கறதுக்குள்ள ஏறிட்டுக்கீது."

"வெள்ளரிக்கா கேக்குதா ஒனக்கு! ஒரு கொயந்தைய பாத்துக்கத் துப்பில்ல."

மறுநாள் டாக்டரிடமும் அதே வெள்ளரிக்காய்க் கதையைச் சொன்னார். டாக்டர் எல்லோர் முன்னிலும் கத்தினார். "அப்பனாய்யா நீ? அந்த உருண்டை நசுங்கிப் போயிருந்தா என்ன பண்ணுவ?" அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "எந்தப்புதான் சார்" என்றார்.

நல்லவேளையாக நசுங்கவில்லை. மூன்று வாரம் படுக்கை, இரண்டு மாதம் ஊன்றுகோல், பிறகு மறுபடி குளம், சைக்கிள், தவளை. பன்னிரண்டு வயதில் எலும்பு இறுகிவிட்டது என்றார் டாக்டர். ஒரு கால் அரை விரற்கடை குட்டை, அவ்வளவுதான்.

ஆனால் படுத்துக் கிடந்த அந்த மூன்று வாரமும் எனக்கு அப்பா மேல்தான் ஆத்திரம். முதல் தடவையே பார்த்தார். கையில் வெள்ளரிக்காயும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு சத்தம் போட்டிருந்தால் இறங்கியிருப்பேன். நிறுத்தவும் துணிவில்லை, "பார்த்துக்கொண்டுதான் நின்றேன்" என்று உண்மையைச் சொல்லவும் துணிவில்லை. என் அப்பா சுத்தப் பயந்தாங்கொள்ளி, அம்மாவுக்குப் பயந்துதான் பொய் சொல்கிறார் என்றே நம்பினேன். ஒன்றரை வருடமாக என் சிரிப்பைப் பார்க்காத மனிதர் அவர் என்பது அப்போது என் கணக்கிலேயே இல்லை.