நீலத்தை மறைக்கும் பவுடர்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நான் வேலை பார்க்கும் அழகுசாதனக் கடைக்கு அந்தப் பெண் அடிக்கடி வருவாள். நல்ல உயரம். சுண்டுவிரல் கோணியிருக்கும். கைப்பேசியை எப்போதும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருப்பாள். பெயர் கேட்டதில்லை.

அன்று கண்ணுக்குக் கீழே வீங்கிக் கன்றிப்போயிருந்தது. கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். 'கன்னத்தில் நீலம் மறைக்கப் பவுடர்' என்று தேடியிருந்தாள். பவுடர்களுக்கெல்லாம் மேலே, வீட்டில் அடிபடும் பெண்களுக்கான உதவி எண் வந்திருந்தது.

“அக்கா, அடின்னு நான் டைப் பண்ணவே இல்ல. இதுக்கு எப்படித் தெரியும்?”

“இப்பல்லாம் அது வெறும் வார்த்தைய மட்டும் பாக்குறதில்லம்மா. எதுக்காகத் தேடுறோம்னும் பாக்குது.”

“என் புருஷன் வார்த்தையத்தான் பாப்பாரு. ஒருவாட்டி லாயர்னு தேடிட்டேன். கதவிடுக்குல வச்சு நசுக்கிட்டாரு.” கோணல் விரலைக் காட்டினாள்.

எண்ணை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை மூடினாள். அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் உள்ளே வந்தான். அவள் கையை முறுக்கிக் கைப்பேசியைப் பிடுங்கி, அவள் தேடியதையெல்லாம் தள்ளித் தள்ளிப் படித்தான். மேசை மேல் கத்தரிக்கோல் கிடந்தது. என் கை அதன் பக்கம் போனது உண்மை.

“பவுடர்தான்லா,” என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்தான். “பூசிட்டு வா.”

அவள் பூசவில்லை. முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, வீங்கிய முகத்தோடு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் இறங்கினாள். “மூஞ்சிய மூடுடி!” என்று கத்திக்கொண்டே அவன் பின்னால் ஓடினான். தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் உதடு மட்டும் அந்த எண்ணை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.