மச்சானுக்கு வீடு அங்கே இருந்தது

அன்று நாயாற்றுக் கடலுக்கு என் மனைவியின் அண்ணனோடு மீன்பிடிக்கப் போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யுத்தத்தின் கடைசி மாதங்களில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்தவர். யுத்தம் முடிந்த பிறகு வீட்டுத்திட்டத்தில் அவருக்கு ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதில் உட்கார ஒரு கதிரைகூட வாங்கிப் போடவில்லை. யாராவது கேட்டால், "என்ர வீடு ஆண்டவரிட்ட இருக்கு, என்ர ஆக்களும் அங்கதான்" என்பார். தேவாலயப் பூசையில் கேட்டுப் பழகிய வார்த்தைகள்தானே என்று நான் பெரிதாக எடுக்கவில்லை.

காலை வெயில் ஏறிய நேரம், வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது காற்று திடீரென்று பலத்தது. எஞ்சின் இயங்க மறுத்தது. அதைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்து என் உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது. படகு பக்கவாட்டில் திரும்ப, அலை உள்ளே விழுந்தது. வெட்டிய பிளாஸ்ரிக் கான்களால் இருவரும் தண்ணீரை இறைத்தோம். கொஞ்ச நேரத்தில் கரை கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது பெரிய அலைக்குப் பிறகு அவருடைய கை நின்றுவிட்டது. கானை மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் பயமே இல்லை.

"மச்சான், இறையுங்கோ!"

"இறைச்சது காணும் தம்பி. எத்தினை வருசமா வீட்டை போகவேணுமெண்டு கேட்டுக்கொண்டிருக்கிறன். இண்டைக்குக் கூப்பிடுறார் போல."

கடலைவிட அந்த அமைதிதான் என்னைப் பதற வைத்தது. "உங்களுக்கு அங்க ஆக்கள் இருக்கினம். எனக்கு இஞ்ச இருக்கினம்!" என்று கத்தினேன். "உங்கட தங்கச்சி வயித்தில பிள்ளையோட கரையில நிக்கிறாள். அவளுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கானை எடுத்துக் குனிந்து இறைக்கத் தொடங்கியவர், நிமிரவேயில்லை. நான் களைத்துச் சாய்ந்த பிறகு என் பங்கையும் சேர்த்து இறைத்தார். மதியம் தாண்டி வேறொரு படகு எங்களைக் கண்டு, கயிறு எறிந்து இழுத்துக்கொண்டு வந்தது. கரையில் என் மனைவி முதலில் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். படகில் நடந்ததை நான் அவளிடமிருந்து மறைத்துவிட்டேன்.

ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. பிறகு தாங்க முடியாமல் போய்க் கேட்டேன். "அண்டைக்கு என்னையும் கொண்டு போயிருப்பீங்கள், என்ன?"

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஓம். உன்னை நினைக்கேல்லை. பொய் சொல்லேலாது." ஊசியை வலையில் குத்தி வைத்தார். "நீ கத்தினாப் பிறகுதான் யோசிச்சன். உன்னைக் கடலில விட்டிட்டு நான் அங்க போய் நிண்டா, என்ர மனுசி என்ர முகத்தைப் பாப்பாளோ? கூட வந்தவன் எங்கையெண்டு ஆண்டவர் கேட்டா என்ன சொல்லுறது?"

அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதல்முதலாகக் கண்டேன். பூசையில் நான் வாயால் மட்டும் மோட்சமென்று சொல்லிவந்த இடத்துக்கு ஒரு மனிதன் இவ்வளவு ஏங்கிக் கிடக்கிறான் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்றும் அவரோடுதான் கடலுக்குப் போகிறேன். புறப்படுமுன் எஞ்சினை மட்டும் நானே இரண்டு தரம் பார்ப்பேன்.