லோர்னா சொன்ன தீனி

டுலூத் நகரின் செல்லப்பிராணிக் கடையில் லோர்னா ஹாகனுக்குப் பதினோரு வருட வேலை. சம்பளம் மூட்டை அடுக்கத்தான். புத்தி சொல்வது அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

"அரிசி, சோளம் எல்லாம் வயித்த ரொப்பற குப்பை. ஓநாய் என்ன சோறா தின்னுச்சு?" என்று கேட்டு ஆளின் வாயை அடைத்துவிட்டு, தானியமே இல்லாத பட்டாணித் தீனி மூட்டையை அவளே வண்டியில் தூக்கி வைப்பாள். தன் நாய் ரஸ்டிக்கும் ஐந்து வருடமாக அதைத்தான் போட்டாள்.

ஜனவரியில் ரஸ்டி படியேறும்போது சுருண்டு விழுந்தது. பரிசோதனையில் பார்த்தால் இதயம் வீங்கிப்போயிருந்தது.

"தீனி காரணமா இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. என்ன குடுத்தீங்க?" என்றார் மருத்துவர். நாள் முழுக்க சொல்லும் பெயர் அன்று லோர்னாவின் வாயில் வரவில்லை. ஒன்பதாம் நாள் ரஸ்டி செத்தது.

வேலைக்குத் திரும்பிய அன்றே, அவள் பேச்சைக் கேட்டு வாங்கிப் பழகிய கிழவர் ஆர்விட் வந்து அதே மூட்டையில் கை வைத்தார்.

"அது வேணாம் ஆர்விட். என் ரஸ்டி போயிட்டான். அந்தத் தீனிதான்னு நெனைக்கிறேன்."

"அடப் பாவமே. வயசாயிருக்கும்."

"ஆறு வயசுதான். அரிசி கலந்ததையே வாங்குங்க, கேளுங்க."

ஆர்விட் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "துக்கத்துல பேசறம்மா நீ. ஓநாய் என்ன சோறா தின்னுச்சு?"

மூட்டையை அவரே இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கேள்விக்கு இத்தனை வருடத்தில் ஒருவரும் லோர்னாவுக்குப் பதில் சொன்னதில்லை.