ஹமீது அண்ணனின் தண்ணீர் கேன்

வெள்ளிக்கிழமை காலை பம்மலில் தன் வீட்டில் ஹமீது அண்ணன் இறந்துபோனார். தொழுகைக்கு எழுந்து, முகம் கை கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. அவருடைய மனைவி மும்தாஜ் அக்கா போன் செய்தபோது நான் மேற்குத் தாம்பரத்தில் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். மறுபடி இறக்கிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

என் கடையில் தூண்டில் சாமான் வாங்குகிறவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும், கடல் உப்பு ஏறிய ரீல்களைப் பிரித்துக் கழுவி, எந்த இடத்துக்கு எந்த எண்ணெய், எந்த இடத்துக்கு எந்த கிரீஸ் என்று பார்த்துப் போட்டு, திரும்பப் பூட்டித் தருவது அவர் வேலை. அவர் போன மறுநாள் நான் பட்ட பயத்தையும் இதில் எழுதத்தான் வேண்டும். அதை விட்டுவிட்டால் அவரைப் பற்றி எழுதியதாக ஆகாது.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பேரிங் மாற்றும் வேலையில் இருந்தவர் அவர். ஒருநாள் தராசு தொங்கவிட ஒரு கெட்டியான கொக்கி வாங்க என் கடைக்கு வந்தார். நான் ஒரு பழைய ரீலின் மேல் துரு எடுக்கும் ஸ்ப்ரேயை அடித்துக்கொண்டிருந்தேன். சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இன்னாம்மா, கொசுக்கு மருந்து அடிக்கிற மாதிரி அடிச்சிகினு கீற?”

“துரு போகுதுல்ல?”

“துரு போவும். உள்ள கீற கிரீஸையும் கூடவே இட்டுகினு போவும். அப்புறம் பல்லும் பல்லும் காஞ்சுபோய் கடிச்சிக்கும். நீயும் புது ரீல் விப்ப. நல்ல வியாபாரம்தான்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கடையைத் தேடி வரும் நல்ல கையை விட்டுவிடக் கூடாது என்பது வியாபாரத்தில் நான் கற்றது. வாரத்தில் மூன்று நாள் வரச் சொன்னேன். வந்தார், இஸ்திரி போட்ட சட்டையோடு. அந்தச் சட்டையில் கடைசிவரை ஒரு சொட்டு எண்ணெய் பட்டு நான் பார்த்ததில்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது.

ரீலுக்குள் போட அவர் மேஜையில் மூன்றே சமாச்சாரம்தான். பேரிங்குக்கு ஊசி மூக்கு பாட்டிலில் மெல்லிய எண்ணெய். பல் சக்கரத்துக்குப் பச்சை மூடி டப்பாவில் ஒட்டும் கிரீஸ். பிரேக்குக்கு நீல மூடி டப்பாவில் வழுக்கும் கிரீஸ். மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் வட்டத் தகடுகளைத்தான் அவர் பிரேக் என்பார். வெளிப்பக்கம் உப்பு பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு உண்டு. அதை ரீல் மேல் நேராக அடிக்க விடமாட்டார். துணியில் அடித்துத் துடைக்க வேண்டும்.

“எண்ணெய் ஓடுறதுக்கு, கிரீஸ் ஒட்டுறதுக்கு. எது ஓடணும், எது ஒட்டணும்னு தெரியாம டப்பாவத் தொறக்காத,” என்பார்.

பெருங்களத்தூரிலிருந்து வரும் கம்ப்யூட்டர் வேலைக்காரர் ஒருவர் காணொளி பார்த்துத் தானே சர்வீஸ் செய்து, கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கும் பேரிங்கில் கெட்டி கிரீஸை அப்பிவிட்டார். கைப்பிடி பின்னால் சுழன்று அவர் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. கட்டோடு வந்தவரிடம் அண்ணன் கேட்டார்: “சார், பரோட்டாவுக்கு சால்னா ஊத்துற மாதிரி ஊத்துனீங்களா?” அந்த மனிதர் அதன்பிறகு வேறு யாரிடமும் ரீலைக் கொடுத்ததில்லை.

கடலை மட்டும் அவருக்கு ஆகாது. படகில் வரும்படி வாடிக்கையாளர்கள் எத்தனையோ முறை கூப்பிட்டார்கள். “நான் பஸ்ஸுலயே ஜன்னலாண்ட உக்கார மாட்டேன் சார்,” என்று மறுத்துவிடுவார்.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் வந்து சேர்ந்தது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், வேறு எங்கோ பைக் செயின் கிரீஸ் போட்ட ரீலோடு படகில் போயிருந்தார். இடுப்பு வாரோடு ரீலைப் பூட்டியிருந்தார். பெரிய மீன் பிடித்தது. பிரேக் விட்டுக்கொடுக்கவில்லை. மீன் இழுத்த இழுப்பில் ரீலோடு அவரும் படகின் விளிம்பைத் தாண்டினார். கூட இருந்தவர்கள் காலைப் பிடித்துத் தொங்கியதால் பிழைத்தார். நெஞ்செல்லாம் சிராய்ப்போடு கடைக்கு வந்து, அந்த ரீலை மேஜைமேல் வைத்தார். அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் ஒரு தண்ணீர் கேனோடு வந்தார். கடைக்குள் மாடிப்படி இருக்கிறது. படியின் உச்சிக் கம்பியில் ரீலைப் பூட்டினார். நரம்பின் நுனியில் அரை கேன் தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டார். தகடுகள் ஒட்டிக்கொள்கின்றனவா என்று பார்க்க, பிரேக்கை நன்றாக இறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். கேன் ஒரே வேகத்தில், குலுங்காமல் தரைக்கு வந்தது.

“பார்த்தியாம்மா? எறங்கணும். விழக் கூடாது.”

அதன்பிறகு வெகுகாலம் கேன் இறங்காமல் எந்த ரீலும் கடையை விட்டுப் போனதில்லை. அவசரப்படுகிறவர்களிடம், “சார், உங்க பொண்டாட்டி நம்பர் குடுத்துட்டுப் போங்க, நாளைக்கு நான்தான் பேசணும்,” என்பார். சிரிக்க மாட்டார். அதற்குமேல் யாரும் அவசரப்படவில்லை.

கடைசி இரண்டு மாதம் மாறிப்போனார். முட்டி வலி என்று படியேறுவதை நிறுத்தினார். கேனும் நின்றது. ரீல்களைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய் முடித்துக் கொண்டுவந்தார். வியாழக்கிழமை மட்டும், வண்டலூர் சுந்தர் சாரின் ரீலை அவசரம் என்று கடையிலேயே உட்கார்ந்து முடித்தார். மறுநாள் காலை அவர் இல்லை.

சனிக்கிழமை சுந்தர் சார் வந்தார். பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை கோவளத்திலிருந்து படகு பேசியிருந்தார். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு முதல்முறையாக அந்த ரீலைக் கையில் கொடுக்கப் போகிறார்.

“அண்ணன் கை பட்ட கடைசி ரீல் மேடம். அப்படியே குடுங்க. யாரும் திறக்க வேண்டாம்,” என்றார். கண் கலங்கியிருந்தது.

“திறக்க மாட்டேன் சார். தொங்கவிட்டுப் பார்த்துட்டுத் தரேன்.”

“அவர் வேலையையே சந்தேகப்படறீங்களா?”

“கேன் அவர் போட்ட சட்டம் சார். அவருக்கும் அதான்.”

கட்டினேன். இறுக்கினேன். டீ வந்தது, குடித்தோம். தளர்த்தினேன். கேன் அசையவில்லை. இன்னும் தளர்த்தினேன். அப்போதும் அசையவில்லை. பிறகு ஒரேயடியாக விழுந்தது. கேன் உடைந்து கடை முழுக்கத் தண்ணீர். சுந்தர் சார் படியில் உட்கார்ந்துவிட்டார். “என் பொண்ணு ஐம்பது கிலோகூட இல்ல மேடம்,” என்று மட்டும் சொன்னார்.

ரீலைத் திறந்தேன். பிரேக் தகடுகள் ஒன்றோடொன்று பசைபோல ஒட்டியிருந்தன.

என்னைப் பிடித்த பயம் அந்த ஒரு ரீலைப் பற்றியது அல்ல. இரண்டு மாதமாக அவர் முடித்துத் தந்த அத்தனை ரீல்களும் கேன் பார்க்காமல் போனவை. யார் யார் படகில் இருக்கிறார்கள்? வரிசையாகப் போன் செய்து, ரீலைத் தொட வேண்டாம், கொண்டுவாருங்கள் என்றேன். பெருங்களத்தூர்க்காரரின் வீட்டு எண்ணில் அவர் மனைவி எடுத்தார். கணவர் விடியற்காலையிலேயே கடலுக்குப் போய்விட்டாராம். கணவரின் கைப்பேசி தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

தகடுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பம்மலுக்குப் போனேன். துக்க வீட்டுக்குக் கிரீஸ் கையோடு போகிறோமே என்று கூசியது. வீட்டில் அவர் என்ன போட்டார் என்று அக்காவைத்தான் கேட்க முடியும். மும்தாஜ் அக்கா உள்ளறையில் பெண்களோடு இருந்தார். காகிதத்தைப் பிரித்தார். ஒரு தகட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“இது பச்சை மூடியாச்சே. பல்லுக்குப் போடுறது. பிரேக்குக்கு யாரு போட்டது?”

“அண்ணன்தான்க்கா. வியாழக்கிழமை, கடையில.”

அவர் தகடுகளை மறுபடி காகிதத்தில் சுற்றினார்.

“சக்கரைல கண்ணு போச்சு வசந்தி. நீலமும் பச்சையும் அவுருக்கு ஒன்னாயிடுச்சு. விரல் நுனியும் மரத்துப்போச்சு. வூட்டுல நான்தான் மூடியப் பார்த்து எடுத்துக் குடுப்பேன். நானும் தொட்டுப் பார்த்துட்டுத்தான் பூட்டச் சொல்லுவேன்.”

“வீட்டுல செஞ்சது எல்லாமேவா?”

“எல்லாமே.”

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ பெஞ்ச விட்டு எழுப்பிடுவேன்னு பயந்துகினு இருந்தாரு. ஊரையே பயமுறுத்துற மனுசன், உன்னக் கண்டா நடுங்குவாரு.”

எழுப்பித்தான் இருப்பேன். அவர் கணக்கு தப்பவில்லை.

அக்கா சொன்னதை நம்பினேன். ஆனாலும் பெருங்களத்தூர்க்காரரின் குரலைக் கேட்கும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மாலை அவரே கூப்பிட்டார். “மேடம், சீலா மீன் சும்மா வழுக்கிட்டு வந்துச்சு, அண்ணன் பிரேக்குன்னா பிரேக்குதான்,” என்றார். அவருக்கு அண்ணன் போன செய்தி தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னேன்.

சுந்தர் சார் படகைத் தள்ளிப்போட்டார். அக்கா அந்த ரீலை வீட்டிலேயே கழுவி, நீல மூடியைத் திறந்து முடித்துக் கொடுத்தார். புதுக் கேன் வாங்கித் தொங்கவிட்டேன். மெல்லத் தளர்த்தினேன். கேன் அசைந்தது. ஒரு வயதானவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவதுபோல, நிதானமாகத் தரைக்கு வந்து நின்றது. சுந்தர் சாரின் மகள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணே, இறங்கிவிட்டது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

மும்தாஜ் அக்காவும் நானும் பேசி முடித்தது இது. கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்து அவர் வெளியே வரும்வரை ரீல்களை நானே பம்மலுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவேன். அதன்பிறகு பெஞ்சு அவருடையது. ரீலுக்கு அண்ணன் வாங்கிய அதே நானூறு ரூபாய், முழுவதும் அக்காவுக்கு. கேன் இறங்காத ரீலுக்குக் கூலி கிடையாது. வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும், எவ்வளவு அழுதாலும், அது கடையை விட்டுப் போகாது.