பாயின்ட்டில் வைத்த சந்தனம்

பிள்ளைகளே, என் முட்டாள்தனத்தை நானே எழுதுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். அப்போது லிங்கராஜபுரத்தில் நம்மிடம் ஒரு பழைய கார் இருந்தது. ரிப்பேரெல்லாம் வீட்டிலேயே நான்தான் பார்ப்பேன். ஆயுத பூஜைக்கு இன்ஜினைத் திறந்து துடைத்து, ஒரு பாகம் விடாமல் சந்தனம், குங்குமம் வைத்தேன்.

மறுநாள் காலை உங்கள் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. கார் கிளம்பவில்லை. முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி என் தோள் ஓய்ந்தது. "இன்னும் எவ்ளோ நேரங்க?" என்று அவள் பின்சீட்டில் அழுதாள்.

சைக்கிளில் போன பாய் ஒருவர், முன்பின் தெரியாத மெக்கானிக், இறங்கி வந்து இன்ஜினில் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். தொட்டுத் தொட்டு விலகிப் பொறியை உண்டாக்கும் பாயின்ட்டில் என் சந்தனம் காய்ந்திருந்தது.

"அரே, வண்டிக்கு நெத்தி வெளியில இருக்குது அண்ணே! நீங்க வயித்துக்குள்ள பொட்டு வெச்சிருக்கீங்க."

வலியிலும் உங்கள் அம்மா சிரித்துவிட்டாள்.

சுரண்டிய சந்தனத்தை அவர் தரையில் தட்டவில்லை. காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். "சாமியோடது, கால்ல படக்கூடாது. சீக்கிரம் போங்க."

அடுத்த சுழற்றில் கார் கிளம்பியது. ஆஸ்பத்திரி சேர்ந்த அரை மணியில் உங்கள் அக்கா பிறந்தாள். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து, பிறர் கும்பிடும் எதைத் தொட்டாலும் என் கை கொஞ்சம் மெதுவாகிறது.