சொல்லிவிட்டு விற்றவர்

துடியலூரில் ஒரு வாடிக்கையாளரின் வீட்டு வாசலில் நின்று வண்டிச் சாவியைக் கொடுக்கப்போன நேரத்தில் அன்வர் பாயின் மகன் அழைத்தான். "மாமா, அத்தா போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னான். காலைத் தொழுகை முடித்து வந்து டீ கேட்டுவிட்டுச் சாய்ந்தவர், டீ வருவதற்குள் போய்விட்டார். கையில் இருந்த சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதே எனக்குச் சிறிது நேரம் மறந்துபோனது.

பாயோடு பழகிய உங்களுக்கு அவர் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. விபத்தில் நொறுங்கி, இனிச் சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவும் கார்களை நாங்கள் ஏலத்தில் எடுப்போம். சூலூர்ப் பட்டறையில் வைத்துச் சரிசெய்து, பேப்பர்களை ஒழுங்காக்கி விற்போம். பதினேழு வருடம் இருவரும் கூட்டாளிகள். ஏலமும் ஆர்.டி.ஓ. ஆபீசும் என் பொறுப்பு. இரும்பு அவர் பொறுப்பு.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததே என்னுடைய கார் வழியாகத்தான். எங்கள் குடும்பத்து நூற்பாலையை மூடிய வருடம் அது. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு லாரியின் பின்னால் மோதி, என் காரின் முன்பக்கம் முழுதும் போய்விட்டது. கம்பெனி பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் கழித்து, காந்திபுரத்தில் ஒரு பேக்கரி முன்னால் அதே வண்டியைப் பார்த்தேன். நம்பர் மட்டும் அடையாளம் சொன்னது; மற்றபடி அடிபட்டதே தெரியவில்லை. வாங்கியிருந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஏமாந்திருக்கிறார் என்று நினைத்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "லாரியில மோதுனதுங்க. இடதுபக்கச் சட்டம் ஒடஞ்சு மாத்தியிருக்குது. பாய் போட்டோவெல்லாம் காட்டிப்போட்டுத்தானுங்க குடுத்தாரு" என்றார். வண்டியின் அடிச்சட்டம் உடைந்தது ஓட்டிய எனக்கே தெரியாது. அப்படிச் சொல்லிவிட்டு விற்ற மனிதரைப் பார்க்க வேண்டும் என்று மறுநாளே சூலூருக்குப் பஸ் ஏறினேன்.

அவரோடு வேலை செய்வது எளிதாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ஒருமுறை வெள்ளத்தில் மூழ்கிய இரண்டு கார்களை நான் ஏலத்தில் எடுத்து வந்தேன். கீறல்கூட இல்லாத வண்டிகள். கழுவிக் காயவைத்தால் விற்றுவிடலாம். பாய் கதவைத் திறந்து, கால்மிதியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். "ஏனுங்க ராஜு, இது வேண்டாங்க. பிரிச்சுப் பார்ட்டாப் போட்டுரலாம்" என்றார்.

"நல்லாத்தானே ஓடுது பாய்?"

"இன்னைக்கு ஓடுமுங்க. அடிபட்ட வண்டி எங்க அடின்னு காட்டிப்போடும். தண்ணி குடிச்ச வண்டி வாயே தொறக்காதுங்க. என்னைக்காவது ஒருநாள் ஏர்பேக் விரியாமப் போனா, அன்னைக்கு நாம எங்க போய் நிக்கறது?"

நான் கேட்கவில்லை. சத்தம் போட்டேன். ஒரு மாதம் இருவரும் வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம். அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை. கடைசியில் இரண்டு கார்களையும் பிரித்தோம்.

இன்னொரு நாளைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. கிணத்துக்கடவிலிருந்து ஓர் அம்மா தன் அண்ணனோடு பட்டறைக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் ஏலத்தில் எடுத்திருந்த ஒரு கார், தேங்காய் வியாபாரியான அவருடைய கணவர் ஓட்டியது. இரவு வீடு திரும்பும்போது புளியமரத்தில் மோதி அங்கேயே இறந்திருந்தார். வண்டியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். நான் தயங்கினேன். பாய் மேலே போட்டிருந்த தார்ப்பாயை விலக்கிவிட்டு, இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அந்த அம்மா உள்ளே உட்கார்ந்தார். பட்டறையில் சுத்தியல் சத்தம் தானாக நின்றது.

உள்ளே உட்கார்ந்தபடியே அவர் கேட்டார். "தூங்கிட்டே ஓட்டிட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. தங்கிட்டுக் காலையில வாரேன்னாருங்க. நான்தான் புள்ளைக்கு ஸ்கூல்ல விழா இருக்குது, இன்னைக்கே வந்துருங்கன்னு சொன்னேன். உங்களுக்குப் பார்த்தாத் தெரியுமுங்களா?"

பாய் ஓட்டுநர் பக்கம் போய், தரையில் முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தார். டார்ச் அடித்து அவருக்கும் காட்டினார். "அம்மணி, இந்தப் பிரேக் தண்டைப் பாருங்க. எப்படி வளைஞ்சிருக்குது. முழு பலத்தையும் போட்டு மிதிச்சிருக்காருங்க. ஸ்டியரிங்கையும் ஒடிச்சுத் திருப்பியிருக்காரு. தூங்கற மனுசன் இப்படி மிதிக்க மாட்டாருங்க. ரோட்டுல எதுக்கோ ஒதுங்கியிருக்காரு."

அந்த அம்மா தலையை அசைத்தார். பிறகு, "பெல்ட் போட்டிருந்தாருங்களா?" என்றார்.

பெல்ட் உள்ளேயே சுருண்டு இறுகிக் கிடந்தது. போட்டிருந்தால் இழுபட்ட நிலையில் வெளியே நின்றிருக்கும். அது எனக்கும் தெரியும். போட்டிருந்தார் என்று சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"இல்லீங்க அம்மணி. போடலீங்க."

"போட்டிருந்தாப் பொழச்சிருப்பாருங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. தெரியாததச் சொல்ல மாட்டேன்."

அவர் அழுதார். பாய் எழுந்திருக்காமல் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தார். வண்டிக்குள் கிடைத்த மூக்குக் கண்ணாடியையும் தண்ணீர் பாட்டிலையும் அவர் ஏற்கெனவே துடைத்துப் பையில் எடுத்து வைத்திருந்தார். அதைக் கொடுத்து, பஸ் ஸ்டாப் வரை கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தார்.

"ஒரு பொய் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சா போயிருக்கும் பாய்?" என்று அன்று கோபத்தோடு கேட்டேன்.

"பெல்டப் பத்திப் பொய் சொல்லியிருந்தா, பிரேக்கப் பத்திச் சொன்னதையும் அந்தம்மா ஊட்டுக்குப் போய்ச் சந்தேகப்படுமுங்க" என்றார். எனக்கு அது சமாதானமாக இல்லை. பாவம், அந்தப் பெண்ணை நோகடித்துவிட்டார் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாயை அடக்கம் செய்த மூன்றாம் நாள் அந்தக் கிணத்துக்கடவு அம்மா பாயின் கோட்டைமேட்டு வீட்டுக்கு வந்தார். கூடவே கல்லூரிக்குப் போகும் வயதில் மகள். யாரோ பேக்கரியில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு வந்தாராம். பாயின் மனைவி மும்தாஜ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது, கதவுக்கு வெளியே நின்ற என் காதிலும் விழுந்தது.

"அப்ப எல்லாரும் எனக்கு ஆறுதல்தானுங்க சொன்னாங்க. கேட்டதுக்குப் பதில் சொன்னது உங்க ஊட்டுக்காரர் ஒருத்தர்தான். அதுக்கப்புறந்தானுங்க நான் தூங்கினேன்."

மும்தாஜ் அக்காவுக்கு அந்த நாளைப் பற்றி ஒன்றுமே தெரியாது. "இதெல்லாம் ஊட்டுல ஒரு வார்த்தை சொன்னதில்லீங்களே" என்று உள்ளிருந்தே எனக்கும் கேட்கும்படி சொன்னார். பாயின் பதிலை நான் புரிந்துகொள்ள இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அதைப் பாயிடம் சொல்ல இனி வழியில்லை.

அவர் கடைசியாக வேலை முடித்த வெள்ளைக் கார் பட்டறையில் நின்றது. எந்த வண்டியையும் விற்பதற்கு முன், மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொள்ளாச்சி ரோட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது பாயின் வழக்கம். அக்கா இப்போது இத்தாவில் இருக்கிறார். கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் அந்த நான்கு மாதம் பத்து நாளும் வெளியே வரமாட்டார். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியை அழைத்துக்கொண்டு நான் ஓட்டினேன். கிணத்துக்கடவு தாண்டிப் போய்த் திரும்பினோம். பள்ளத்தில் இறங்கும்போது முன் சக்கரத்தின் பக்கம் மெல்லிய ஒரு சத்தம் கேட்டது போலிருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள் மனைவி.

எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தச் சந்தேகம்தான். வாங்க வருவதாக இருந்தவரை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, வண்டியைப் பட்டறைக்குள் விட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன்.