பழனிப் பாதையில் ஒரு கொப்புளம்

“…அதனால, வந்த வலிய வெரட்டாத. கூடவே கூட்டிக்கிட்டு நட. முருகனுக்கு அதுதான் நேர்த்திக்கடன்.”

இன்று புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் கொப்புளம் வந்ததும், பல வருடங்களுக்கு முன் அம்மாவிடம் அப்பா சொன்ன இந்தப் பேச்சு மீண்டும் காதில் விழுந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கண்டரமாணிக்கத்திலிருந்து பழனிக்கு நடந்துகொண்டிருந்தோம். புளியமரத்தடியில், வேப்பெண்ணெய் வாசத்துக்கு நடுவே, நூல் கோத்த ஊசியால் அப்பா தன் கொப்புளத்து நீரை வடித்துக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி, சித்தப்பா தன் பாதங்களை ஊதிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு நடுவே சுவர் வைத்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

அம்மா சிரித்தாள். “வலியக் கூட்டிக்கிட்டு நடக்குறீக. தம்பியக் கூட்டிக்கிட்டு நடக்கத்தான் முடியலையாக்கும்?”

அப்பாவின் முகம் சுருங்கியது. ஊசியைத் துடைத்துப் புது நூல் கோத்தார். நொண்டிக்கொண்டே போய் உட்கார்ந்து, சித்தப்பாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.